பாடகர் விலகினாலும் ஒப்பந்தம் விடுவதில்லை: ஜார்ஜ் மைக்கேல் – சோனி வழக்கின் பின்னணி

பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் இரண்டாவது தனி ஆல்பம் 1990 செப்டம்பரில் வெளிவந்தது. மூன்றாவது ஆல்பம் கடைக்கு வந்தபோது 1996 மே மாதம் ஆகிவிட்டது. இரண்டாவது வந்தபோது அவருக்கு வயது 27, மூன்றாவது வந்தபோது 32. ஒரு பாப் பாடகருக்கு இதைவிட விலைமதிப்புள்ள ஆண்டுகள் இல்லை. 'வேம்!' குழுவின் முன்னணிப் பாடகராக இருந்து, பிறகு தனியாகவும் வென்று கிராமி விருதும் பெற்றவர், அந்த ஐந்தரை ஆண்டுகளில் ஏன் ஒரு முழு ஆல்பம்கூடத் தரவில்லை?

இதற்கு இரண்டு பதில்கள் சொல்லப்படுவதுண்டு. பேராசை பிடித்த நிறுவனம் ஒரு கலைஞரை வஞ்சித்தது என்பது ஒன்று. கோடிகளில் புரண்டவர் தன்னை வளர்த்த நிறுவனத்தையே நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்பது மற்றொன்று. இரண்டுமே நடந்ததை விளக்குவதில்லை. பிரிட்டிஷ் சட்டம் ஒரு ஒப்பந்தத்தை எந்த நேரத்தில், எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அதற்கு முன் இசைத்தட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்?

நாம் 'பாட்டு' என்று ஒரே சொல்லில் குறிப்பிடுவது, சட்டத்தின் பார்வையில் மூன்று தனித்தனி உரிமைகள்.

1. பாடலின் உரிமை. மெட்டையும் வரிகளையும் உருவாக்கியவருக்கு உரியது. வேறு யார் அந்தப் பாடலைப் பாடி வெளியிட்டாலும் எழுதியவருக்குப் பணம் வரும்.

2. ஒலிப்பதிவின் உரிமை. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட குரலில் பதிவான மூலப்பதிவு இது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது நிறுவனத்துக்கே போய்விடும். பாடகருக்கு விற்பனையில் ஒரு பங்கு மட்டும் ராயல்டியாகக் கிடைக்கும்.

3. பிரத்தியேக உரிமை. ஒப்பந்த காலம் முடியும்வரை பாடகர் வேறு எந்த நிறுவனத்துக்கும் பாடிப் பதிவு செய்யக் கூடாது.

ஜார்ஜ் மைக்கேல் தன் பாடல்களில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதியவர். எனவே முதல் உரிமையில் அவருக்கு வருமானம் வந்துகொண்டுதான் இருந்தது. வழக்கு நடந்தது இரண்டாவதையும் மூன்றாவதையும் குறித்து. இந்த வேறுபாடு பிடிபடாவிட்டால் 'எழுதியவருக்கே பாட்டு சொந்தமில்லையா?' என்ற குழப்பம் கடைசிவரை நீடிக்கும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. நிறுவனம் பாடகருக்கு முன்பணம் தருகிறது, ஒலிப்பதிவுக்கும் செலவு செய்கிறது. இந்தத் தொகை பிறகு பாடகரின் ராயல்டியிலிருந்து கழிக்கப்படும். கழித்து முடித்த பிறகும் மூலப்பதிவு நிறுவனத்திடமே இருக்கும். வீட்டுக் கடனை முழுதாக அடைத்த பிறகும் பத்திரம் வங்கியின் பெயரிலேயே தொடர்வதைப் போன்றது இது. நிறுவனங்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும்: பத்துப் பேரிடம் முதலீடு செய்தால் ஓரிருவர்தான் லாபம் தருகிறார்கள், தோற்றவர்களிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. இது உண்மைதான். ஆனால் தோற்றவர்களின் நட்டத்தை வென்றவரின் ராயல்டி ஈடுகட்டுகிறது என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

ஒப்பந்த காலம் எப்போது முடியும் என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கும். 'ஒரு ஆல்பம், அதற்குமேல் இத்தனை ஆல்பங்கள் வரை நிறுவனத்தின் விருப்பம்' என்றுதான் வாசகம் இருக்கும். தொடரலாமா, கைகழுவலாமா என்ற தேர்வு நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு.

பதினெட்டு வயதில் ஒரு கையெழுத்து

யோர்கோஸ் கிரியாகோஸ் பனயியோட்டூ என்பது இயற்பெயர். 1963 ஜூன் 25 அன்று வடக்கு லண்டனில் பிறந்தார். தந்தை சைப்ரஸிலிருந்து வந்து உணவகம் நடத்திய கிரேக்கர். புஷி மீட்ஸ் பள்ளியில் ஆண்ட்ரூ ரிஜ்லி நண்பரானார். இருவரும் சேர்ந்து அமைத்த 'வேம்!' குழு 1982-இல் இன்னர்விஷன் என்ற சிறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அப்போது ஜார்ஜுக்கு வயது 18. ஆளுக்கு 500 பவுண்டு முன்பணம். அன்றைய நடன அரங்குகளில் பெரிதும் விற்ற 12 அங்குல இசைத்தட்டுகளுக்கு ராயல்டியே கிடையாது.

இன்னர்விஷனுக்குப் பின்னால் இருந்தது சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம். தனக்குக் கிடைத்த பங்கே சொற்பம் என்பதால் இன்னர்விஷனால் பாடகர்களுக்குத் தாராளமாகத் தர முடியவில்லை. 1983-இல் முதல் ஆல்பம் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. தொலைக்காட்சியில் அன்றாடம் தோன்றிய இரண்டு இளைஞர்களின் கையில் காசு இல்லை. ஒப்பந்தமே செல்லாது என்று அவர்கள் போர்க்கொடி தூக்க, விவகாரம் வழக்கறிஞர்களிடம் போனது.

1984-இன் தொடக்கத்தில் சமரசம் ஏற்பட்டது. இன்னர்விஷன் விலகிக்கொண்டது. குழு நேரடியாக சி.பி.எஸ்.ஸின் எபிக் பிரிவுக்கு மாறியது. ஒப்பந்த விதிகள் முன்பைவிட மேம்பட்டன. அன்று அது வெற்றியாகவே தெரிந்திருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து நீதிபதி ஒருவர் இதே சமரசத்தைத்தான் கையில் எடுக்கப்போகிறார்.

குழுவுக்குள் உருவான தனிப் பாடகர்

முன்னணிப் பாடகர் குழுவிலிருந்து பிரிவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. 1984 ஜூலையில் 'கேர்லஸ் விஸ்பர்' பாடல் பிரிட்டனில் ஜார்ஜ் மைக்கேல் என்ற தனிப் பெயரில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதே பாடலின் உறையில் குழுவின் பெயரும் சேர்ந்திருந்தது. எழுதியவர்களாக இருவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. அதே கோடையில் பதிவான 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாடலை எழுதி, பாடி, கருவிகளையும் வாசித்துத் தயாரித்தது அவர் ஒருவரே. குழுவின் பெயரில் வந்தாலும் அது தனிமனிதரின் படைப்பு. அந்த டிசம்பரில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக வெளியான பேண்ட் எய்ட் பாடல் அதை இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. அந்த நிதிப் பாடலிலும் அவர் குரல் உண்டு. தன் பாடலின் ராயல்டியையும் அதே நிவாரணத்துக்கே கொடுத்தார்.

1986 ஜூன் 28 அன்று வெம்ப்ளி மைதானத்தில் சுமார் 72,000 பேர் முன்னிலையில் 'வேம்!' விடைபெற்றது. நண்பர்கள் சண்டையில்லாமல் பிரிந்தார்கள். ரிஜ்லி பின்னுக்கு நகர்ந்ததைச் சிலர் ஏளனம் செய்தார்கள். அது அநியாயம். கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனை மேடையேறத் துணிய வைத்தவர் அவர்தான்.

குழு கலைந்தால் ஒப்பந்தமும் கலைந்துவிடும் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாம். அப்படி நடப்பதில்லை. குழுவோடு செய்யும் ஒப்பந்தங்களில் 'விலகும் உறுப்பினர்' பற்றிய ஒரு விதி இருக்கும். யார் விலகினாலும் அவருடைய தனிப் பதிவுகளுக்கும் நிறுவனமே உரிமை கோரலாம் என்பது அதன் சாரம். ஜார்ஜ் மைக்கேலும் அதே நிறுவனத்திலேயே தனி வாழ்க்கையைத் தொடங்கினார்.

1988: ஏற்றம் தந்த பேரம்

1987-இல் வந்த 'ஃபெய்த்' ஆல்பம் உலகெங்கும் இரண்டு கோடிக்கும் மேல் விற்றது. 1989-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. இந்த வெற்றி தந்த வலுவில் அவர் தரப்பு 1988-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியது. ராயல்டி உயர்ந்தது, முன்பணம் பெருகியது. ஈடாக அவர் தந்தது தன் வருங்காலத்தை: எட்டு ஆல்பங்கள் வரை, அதிகபட்சம் 15 ஆண்டுகள்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் சி.பி.எஸ். நிறுவனத்தின் இசைப் பிரிவு முழுவதையும் ஜப்பானின் சோனி சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பாடகர் கையெழுத்திட்ட நிறுவனம் வேறு கைக்கு மாறினால் பாடகரும் மாற வேண்டியதுதான். அவரிடம் யாரும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை.

1990-இல் இரண்டாவது தனி ஆல்பமான 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்' வெளியானபோது பிளவு வெளிப்படையானது. உறையின் முன்பக்கத்தில் அவர் முகம் இல்லை. நியூயார்க்கில் கோனி தீவின் கடற்கரைக் கூட்டத்தைப் புகைப்படக் கலைஞர் வீஜீ எடுத்த 1940-ஆம் ஆண்டுப் படம்தான் இருந்தது. காணொளிகளில் தோன்றவும் மறுத்தார். 'ஃப்ரீடம் 90' பாடலுக்கு டேவிட் ஃபின்சர் இயக்கிய காணொளியில் நவோமி கேம்ப்பெல், சிண்டி கிராஃபோர்ட் முதலிய மாடல்கள் வாயசைத்தார்கள். 'ஃபெய்த்' காலத்தின் அடையாளமான தோல் மேலங்கி அதில் தீப்பற்றி எரிந்தது.

பிரிட்டனில் அந்த ஆல்பம் நன்றாக விற்றது. அமெரிக்காவில் முந்தையதை எட்டவே இல்லை. நிறுவனம் அங்கே போதுமான விளம்பரம் செய்யவில்லை என்றார் அவர். முகத்தைக் காட்டாத பாடகரை எப்படி விற்பது என்றது மறுதரப்பு. இங்கே பணத்தைவிட ஆழமான ஒன்று இருந்தது என்றே நினைக்கிறேன். பெண்களின் கனவு நாயகன் என்ற பிம்பத்தை விற்றுத்தான் அவர் வளர்க்கப்பட்டார். அவர் தன்பாலீர்ப்பாளர். அதைப் பொதுவெளியில் சொன்னது 1998-இல்தான். அந்தப் பிம்பத்திலிருந்து வெளியேறுவது அவருக்கு விற்பனை உத்தி சார்ந்த கேள்வியாக இருந்திருக்க முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை.

சட்டத்தில் இருந்த கதவு

ஒருவர் தன் தொழிலைச் செய்து பிழைக்கும் சுதந்திரத்தை நியாயமற்ற முறையில் முடக்கும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 'தொழில் தடை' கோட்பாடு என்று இதைக் குறிப்பிடலாம். இசைத் துறையில் இதற்கு வலுவான முன்னுதாரணம் 1974-இல் கிடைத்தது. டோனி மெக்காலே என்ற பாடலாசிரியர் பெயர் தெரியாத இளைஞராக இருந்தபோது ஒரு வெளியீட்டு நிறுவனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பாடல் எழுதித் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். அந்தக் காலம் தானாகவே பத்தாண்டாக நீளக்கூடும். எழுதியதை வெளியிட வேண்டிய கடமை மட்டும் நிறுவனத்துக்கு இல்லை. அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது.

அடுத்தது ஹாலி ஜான்சனின் வழக்கு. நம் கேள்விக்கு இதுவே மிக நெருக்கமானது. அவர் லிவர்பூலின் 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் முன்னணிப் பாடகர். முதல் மூன்று தனிப்பாடல்களும் (சிங்கிள்கள்) பிரிட்டனில் முதலிடம் பிடித்த குழு அது. 1987-இல் அவர் விலகி எம்.சி.ஏ. நிறுவனத்தில் சேர முயன்றார். பழைய நிறுவனமான இசட்.டி.டி. தடையாணை கேட்டு நீதிமன்றம் சென்றது. 'விலகும் உறுப்பினர்' விதியே அதன் ஆயுதம். ஒப்பந்தம் செய்தபோது குழுவினர் பேரம் பேச வலுவில்லாதவர்கள், காலமோ நிறுவனத்தின் விருப்பப்படி நீளக்கூடியது என்று 1988-இல் நீதிமன்றம் கண்டது. ஜான்சன் வென்றார். 1989-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அந்த ஆண்டு அவருடைய முதல் தனி ஆல்பம் முதலிடம் பிடித்தது.

1991-இல் மான்செஸ்டரின் ஸ்டோன் ரோசஸ் குழுவும் இதே வழியில் சில்வர்டோன் நிறுவனத்திடமிருந்து விடுபட்டது. எனவே 1992 அக்டோபரில் ஜார்ஜ் மைக்கேல் வழக்குத் தொடுத்தபோது காற்று பாடகர்கள் பக்கம் வீசுவதாகவே தோன்றியது. தன் நிலையை அவர் 'தொழில்முறை அடிமைத்தனம்' என்று வர்ணித்தார்.

தீர்ப்பு ஏன் எதிராகப் போனது?

1993 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. 1994 ஜூன் 21 அன்று நீதிபதி ஜோனதன் பார்க்கர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். நீண்ட தீர்ப்பின் முக்கியக் கண்ணிகள் இவை:

1. 1984 ஒப்பந்தம் ஒரு வழக்கின் சமரசமாகப் பிறந்தது. சமரசங்கள் நிலைக்க வேண்டும் என்பதில் பொதுநலன் இருக்கிறது. 1988 ஒப்பந்தம் அதன் திருத்தப்பட்ட வடிவமே. ஆகவே அதைத் தொழில் தடைக் கோட்பாட்டால் தாக்க முடியாது.

2. தாக்க முடியும் என்று வைத்துக்கொண்டாலும் விதிகள் நியாயமானவையே. திறமையான வழக்கறிஞரின் ஆலோசனையோடு பேரம் பேசி, பெரும் முன்பணமும் உயர்ந்த ராயல்டியும் பெற்றவர் அவர்.

3. ஒப்பந்தம் செல்லாது என்று கருதியவர் அதன் கீழ் முன்பணம் கேட்டுப் பெற்றிருக்கக் கூடாது. அப்படிப் பெற்றதன் மூலம் அதை உறுதிப்படுத்திவிட்டார்.

4. ஐரோப்பியப் போட்டிச் சட்டத்தை மீறியதாகச் சொன்ன வாதமும் எடுபடவில்லை.

முதல் கண்ணியை நிதானமாகப் பாருங்கள். இன்னர்விஷன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டிருந்தால் 18 வயதுப் பையனின் பலவீனம் அவருக்குச் சாதகமாக இருந்திருக்கும். சமரசத்துக்குச் சம்மதித்ததால் அந்த வாதம் கரைந்துபோனது. முதல் வலையிலிருந்து விடுவித்த கையெழுத்தே இரண்டாவது வலையைச் சட்டத்தால் அசைக்க முடியாததாக்கியது.

ஜான்சனையும் மைக்கேலையும் பிரித்த கோடு இதுதான். கையெழுத்திடும் தருணத்தில் ஒருவர் எவ்வளவு பலவீனமாக இருந்தார் என்பதைச் சட்டம் கேட்கிறது. பிறகு அந்த ஒப்பந்தம் அவரை எவ்வளவு நெருக்கியது என்று கேட்பதில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அளவுக்கு ஒரு பாடகர் வெற்றி பெறும்போது, தப்பிக்கும் வாசலும் சேர்ந்தே அடைபடுகிறது. சட்டத்தின் தர்க்கப்படி நீதிபதி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கலைஞனின் 15 ஆண்டுக் குரலை அதிக விலை கொடுத்து வாங்கியதாலேயே அந்தப் பிடி நியாயமாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. தன்னை நம்பாத நிறுவனத்துக்காக ஒருவர் பாடத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

தோற்ற பிறகு

மேல்முறையீடு விசாரணைக்கு வரும் முன்பே, 1995 ஜூலையில், இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அமெரிக்காவில் ட்ரீம்வொர்க்ஸும் மற்ற நாடுகளில் வர்ஜினும் அவரை எடுத்துக்கொண்டன. சோனிக்குச் சுமார் 4 கோடி டாலர் தரப்பட்டதாக அன்றைய செய்திகள் கூறின. அடுத்த ஆல்பங்களின் விற்பனையில் ஒரு பங்கும், ஒரு தொகுப்பு ஆல்பத்தை வெளியிடும் உரிமையும் சோனிக்குக் கிடைத்தன. அந்தத் தொகுப்பு 1998-இல் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. நீதிமன்றத்தில் தோற்றவர் காசு கட்டி விடுதலை வாங்கினார் என்பதே நடந்தது.

இடைப்பட்ட காலம் முழு மௌனம் அல்ல. 1992-இல் எய்ட்ஸ் நிதிக்கான தொகுப்பு ஒன்றுக்கு மூன்று பாடல்களைக் கொடுத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் குவீன் குழுவின் மறைந்த பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் நினைவு நிகழ்ச்சியில் அந்தக் குழுவோடு அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. ஆல்பம் வராததற்கு வழக்கு மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. அவருடைய காதலர் அன்செல்மோ ஃபெலப்பா 1993 மார்ச்சில் இறந்தார். விசாரணையை அவர் எதிர்கொண்டது அந்தத் துக்கத்தோடுதான்.

1996-இல் வந்த 'ஓல்டர்' ஆல்பத்தின் ஆறு தனிப்பாடல்களும் பிரிட்டனில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தன. அமெரிக்காவிலோ 'ஃபெய்த்' காலச் செல்வாக்கு திரும்பவே இல்லை. 2004-இல் 'பேஷன்ஸ்' ஆல்பம் வந்தபோது அதன் உறையில் இருந்த பெயர் சோனி. இதைச் சரணாகதி என்று சொல்வோர் உண்டு. அது பொருந்தாது. வழக்கில் அவர் மறுத்தது சோனி என்ற பெயரை அல்ல, எட்டு ஆல்பப் பிணைப்பை. அவர் 2016 டிசம்பர் 25 அன்று 53-ஆம் வயதில் இறந்த பிறகு, 'லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ்' ஆல்பத்தின் மறுவெளியீடு 2017-இல் வந்து பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பிடித்தது. வெளியிட்டதும் சோனிதான்.

அடுத்து விலகியவர்கள்

வழக்கு தோற்றாலும் பேரம் பேசும் மேசையில் அதன் தாக்கம் இருந்தது. ஒரு பெரிய நட்சத்திரம் பாட மறுத்து உட்கார்ந்துவிட்டால் நிறுவனத்துக்கும் நட்டம் என்பது கண்கூடாகத் தெரிந்தது. வலுவுள்ள பாடகர்கள் இப்போது மூலப்பதிவை விற்பதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் தருகிறார்கள். காலம் முடிந்ததும் பதிவு அவர்களிடமே திரும்பும். இணையம் வந்தபின் இந்தப் போக்கு பெருகியது.

'விலகும் உறுப்பினர்' விதி மட்டும் அவ்வளவாக மாறவில்லை. ராபி வில்லியம்ஸ் 1995 ஜூலையில் 'டேக் தட்' குழுவிலிருந்து விலகினார். ஆனால் பழைய நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டு கிறிசாலிஸில் சேர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வெளியிட்ட முதல் தனிப்பாடல் ஜார்ஜ் மைக்கேலின் 'ஃப்ரீடம் 90'. அது பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது.

இன்றைக்கு ஒரு குழு ஒப்பந்தம் செய்யும்போது அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் இந்த விதியில் இரண்டு திருத்தங்கள் கேட்கிறார்கள். விலகியவரைத் தக்கவைப்பதா விடுவிப்பதா என்று நிறுவனம் குறுகிய கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழுவின் பழைய கடனை அவருடைய தனி ராயல்டியிலிருந்து முழுதாகக் கழிக்கக் கூடாது. முதல் ஒப்பந்தத்திலேயே இவற்றைக் கேட்டு வாங்கும் வலு எத்தனை இளம் குழுக்களுக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், அவற்றின் முன்னணிப் பாடகர்கள் பிரியும் நாளில் என்ன ஆவார்கள் என்பது அமையும்.